இரண்டு டைமன்

"நாச்சியார் இனிமே என்னோட பிரிட்ஜ் ஆட மாட்டாளாம், டீச்சர்."

வைகுண்டநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எஸ்தர் டீச்சர் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். ரயில்வே கிளப்பில் பாதிப் பேருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். இவருக்கும் அவருக்கும் ஒரே வயது.

"என்ன பண்ணீங்க?"

"நல்லதுதான் பண்ணேன். ஆர்ட்டின் அஞ்சு, இஸ்பேட் அஞ்சு வந்தா, முன்னெல்லாம் ஒண்ணைச் சொல்லிட்டு அடுத்ததுக்குக் காத்திருக்கணும். இப்ப 'ரெண்டு டைமன்'னு ஏலத்தை ஆரம்பிச்சா என் கையில ரெண்டும் இருக்குன்னு கூட்டாளிக்கு அர்த்தம். நானே கண்டுபிடிச்சது."

வைகுண்டநாதன் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கைகாட்டி இறங்கினால் வண்டி வர வேண்டும். எதிர்க்கேள்வி கேட்ட வண்டியை அவர் பார்த்ததில்லை.

"நாச்சியாருக்கு மறந்துபோகுதா?"

"ஒரு தடவைகூட இல்லை. ஆனா அலுத்துப்போச்சாம். கல்யாணமானதுலேருந்து அவதான் என் கூட்டாளி, டீச்சர். அவ இல்லாம யாரோட ஆடுவேன்?"



டீச்சர் ஆர்ட்டினும் இஸ்பேடும் பொறுக்கி அவர் கையில் கொடுத்தார். மிச்சத்தில் தனக்கும் ஒரு கை எடுத்துக்கொண்டார்.

"ஏலம் கேளுங்க."

"ரெண்டு டைமன்."

"ரெண்டு இஸ்பேட்." டீச்சர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "உங்க கை எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என் கையில என்ன இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

டீச்சர் மறுபடி கலைக்க ஆரம்பித்தார்.

"மலைக் கிளப்புல நீங்க ரெண்டு பேரும் கப் வாங்கின அன்னைக்கு, கடைசிக் கைக்கு எப்படிக் கேட்டீங்க?"

அது மறக்குமா? தகரக் கூரையில் மழை. நாச்சியாருக்கு அப்போது ஒரு நரைகூட இல்லை.

"ஒரு இஸ்பேட்னேன். அவ சால்வையை இழுத்து விட்டுக்கிட்டா. சீட்டைப் பிரிச்சு அடுக்கினா. மறுபடி அடுக்கினா. எனக்கு உயிரே போச்சு. அப்புறம் எந்த ஜாதியும் சொல்லாம ஒரு நோ ட்ரம்ப்னா. நான் ரெண்டு ஆர்ட்டின். அவ..."

நிறுத்தினார். அந்த நாள் திரும்பி வராதா என்று ஏக்கமாக இருந்தது.

"அவ?"

"மூணு ஆர்ட்டின்னா, டீச்சர். அவ கையிலயும் ஆர்ட்டின். சிரிச்சுக்கிட்டே."

டீச்சர் சீட்டுக்கட்டை அவர் பக்கம் தள்ளினார்.

வீட்டில் நாச்சியார் இறங்காத கைகாட்டிபோல் நின்று அவரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு என்ன புது முறை?"

அவர் மேஜையில் இரண்டு கை போட்டார். தன் கையைப் பிரித்துப் பார்த்தார்.

"ஒரு இஸ்பேட்."

அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். சீட்டை எடுத்து அடுக்கினாள். மறுபடி அடுக்கினாள்.

அவர் காத்திருந்தார்.