யாருக்கு ஆகாது?

மீனும் பறவையும் உடும்பும் மனுஷனும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், உலகத்துக்கே பொதுவாக ஒரு சொல் இருந்தது. 'ஆகாது'. அவ்வளவுதான் சொல். அதற்கு முன்னாலும் எதுவும் கிடையாது, பின்னாலும் எதுவும் கிடையாது. யார் எதைச் செய்யப் போனாலும் சரி, பார்த்தவர் ஒருவர் 'ஆகாது' என்று சொல்லிவிட்டால் தூக்கிய கால் தூக்கியபடி நிற்கும். திறந்த வாய் மூடிக்கொள்ளும். சொன்னது யானையா எறும்பா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்பதும் இல்லை. தும்மல் வந்தால் ஏன் தும்முகிறோம் என்று நாம் கேட்டுக்கொண்டா இருக்கிறோம்?

தூங்குகிறவரைத் தொட ஆகாது. அடைகாக்கிறவளின் முட்டையைத் தொட ஆகாது. குளம் வற்றும்போது நடுவில் மிஞ்சுகிற கடைசிக் குட்டையில் கால் வைக்க ஆகாது. அந்தக் குட்டையில் கிடப்பதுதான் அடுத்த மழைக்கு விதைமீன். அதை அழித்துவிட்டால் அப்புறம் குளத்துக்கு மீன் எங்கிருந்து வரும்? தாகம் எடுத்தால் மலைக்கு அந்தப் பக்கம் ஆற்றுமணலில் ஊற்று இருக்கிறது, அங்கே போய்க் குடிக்க வேண்டியதுதான். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அதற்காக எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பொறாமை இருந்தது, சண்டை இருந்தது, புறணி பேசுவது இன்றைக்கு இருப்பதைவிட ஒரு கை கூடுதலாகவே இருந்தது. ஆனால் பயமில்லாமல் கண்ணை மூடித் தூங்கினார்கள். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு குளக்கரையில் மஞ்சக்காலி என்று ஒரு பறவை இருந்தாள். நெட்டையான மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்புச் சதை. குரல் மட்டும் பூ விழுந்த மாதிரி இருக்கும். பேசினாளா இல்லையா என்று பக்கத்தில் நிற்பவருக்கே சந்தேகம் வரும். கூடு கட்டுகிற வேலையெல்லாம் அவளுக்குத் தெரியாது. வெட்டவெளியில் கூழாங்கல்லுக்கு நடுவே முட்டையிட்டுவிட்டு மேலே உட்கார்ந்துகொள்வாள். யார் தொடப்போகிறார்கள்? அதுதான் ஆகாதே!

அந்த வருஷம் மழை பொய்த்தது. குளம் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது. அதற்குள் விரால்மீன் ஒருத்தி செக்கச்செவேல் என்றிருந்த தன் குஞ்சுகளைச் சுற்றி வைத்துக்கொண்டு கிடந்தாள். கரையில் மஞ்சக்காலி தன் முட்டைகளின்மேல் கிடந்தாள். வெயில் இருவரையும் ஒன்றாகத்தான் காய்ச்சியது.

உச்சிவேளையில் கூழாங்கல் கொதிக்கும். முட்டை குளிர வேண்டும், இல்லையென்றால் உள்ளே கிடக்கிற குஞ்சு வெந்துபோகும். மஞ்சக்காலியின் புருஷன் மலையைத் தாண்டி ஊற்றுக்குப் பறந்து, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு திரும்பி வருவான். வருவதற்குள் இறகு உலர்ந்துவிடும். ஒட்டிய ஈரத்தை முட்டையில் தேய்ப்பான், அது தேய்த்த இடம் தெரியாமல் காயும். மறுபடி பறப்பான்.

ஒருநாள் அவன் ஊற்றுக்குப் போயிருந்த நேரம். முட்டை நெஞ்சைச் சுடுகிற அளவுக்குச் சூடேறிவிட்டது. மஞ்சக்காலி சட்டென்று எழுந்தாள். நாலு எட்டில் குட்டை. காலை எடுத்து உள்ளே வைக்கப் போனாள்.

"ஆகாது" என்றாள் விரால்.

மஞ்சக்காலியின் கால் அந்தரத்தில் நின்றது. அப்படித்தான் நிற்கும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. திரும்பி முட்டையைப் பார்த்தாள். வெயிலில் அது தனியாகக் கிடந்தது. அந்த நேரத்தில் அவள் வாயில் என்ன புகுந்ததோ, உலகத்தில் அதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"உனக்கு ஆகாது அக்கா. எனக்கு ஆகும்."

சொல்லிவிட்டு உள்ளே இறங்கினாள். சேறு கலங்கியது. விராலின் குஞ்சுகள் மூச்சு முட்டி மேலே வந்து வாயைப் பிளந்தன. விரால் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம். 'ஆகாது' என்ற சொல்லுக்கு அதுவரை யாரும் பதிலே பேசியது கிடையாதே! கரையில் ஒற்றைக்காலில் நின்றிருந்த கொக்கு மெதுவாகக் கழுத்தைத் திருப்பி இதைப் பார்த்தது.

நனைந்த இறகோடு அவள் வந்து உட்கார, அன்றைக்கு முட்டை குளிர்ந்தது. மஞ்சக்காலிக்கும் மனசு குளிர்ந்தது. புருஷன் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவன் முகம் வெளுத்துப்போனது.

"என்னடி சொன்னே? மறுபடி சொல்லு."

"எனக்கு ஆகும்னு சொன்னேன். என் புள்ளைங்க வேகறதைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? கொஞ்சம் தண்ணிதானே? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?"

"தண்ணியை விடு. நீ சொன்னது வேற யாருக்காவது கேட்டுதா?"

"கொக்கண்ணன் நின்னுக்கிட்டு இருந்தாரு. ஏன்?"

எதற்குப் பயப்படுகிறோம் என்று அவனுக்கே பிடிபடவில்லை. ஆனால் அன்றைக்கு அவன் தூங்கவில்லை.

மறுநாள் கொக்கு குட்டையோரம் வந்து நின்றது. விரால் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு "ஆகாது!" என்றாள். கொக்கின் கால் ஒரு நொடி நின்றது. ஆமாம், அதுவும் நிற்கத்தான் செய்தது. பிறகு கொக்கு மரியாதையாகத்தான் கேட்டது, குரலை உயர்த்தக்கூட இல்லை.

"யாருக்கு?"

விரால் குஞ்சுகளை இன்னும் நெருக்கிக்கொண்டாள்.

"உனக்கு ஆகாது, சரி. எனக்கு ஆகும்ல?" என்று சொல்லி, சிவப்புக் குஞ்சு ஒன்றைக் கொத்தி அண்ணாந்து விழுங்கியது.

"மஞ்சக்காலி! ஏ மஞ்சக்காலி! நீயாவது சொல்லேன்!" என்று விரால் கதறினாள்.

மஞ்சக்காலி வாயைத் திறந்தாள். கொக்கு அவள் பக்கம் திரும்பியது. "சொல்லு தாயி. நீ சொன்னா நான் கேக்கறேன்" என்றது. மஞ்சக்காலி வாயை மூடிக்கொண்டாள். முட்டையைப் புரட்டுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். கண்டும் காணாமல் இருப்பது என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அதை முதன்முதலாகச் செய்தவளும் அவள்தான்.

அப்புறம் கேட்கவா வேண்டும்! பெரிய கொக்கைப் பார்த்துச் சின்னக் கொக்கு வந்தது. காக்கை வந்தது. பன்றி வந்து உருண்டது. கடைசியாகக் கூடையோடு ஒரு மனுஷன் வந்தான், மாடக்கண்ணு என்று பெயர். பயந்த சுபாவக்காரன். கரையில் நின்று கொஞ்சநேரம் மற்றவர்களை வேடிக்கை பார்த்தான். குஞ்சுகளையெல்லாம் பறிகொடுத்துவிட்டுச் சேற்றில் ஒற்றையாகக் கிடந்த விரால் அவனைப் பார்த்து, "ஆகாதுப்பா" என்றாள்.

"யாருக்கு?" என்றான் மாடக்கண்ணு. முதல் தடவை என்பதால் நாக்குக் கொஞ்சம் கூசியது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். இந்தத் தடவை கூசவில்லை. கூடையைக் கவிழ்த்து விராலை அமுக்கினான். மீனோடு சேர்ந்து அந்தக் கேள்வியும் ஊருக்குள் போய்விட்டது.

அதன்பிறகு குளக்கரையில் எங்கே பார்த்தாலும் அதே கேள்விதான். "யாருக்கு ஆகாது? உனக்கா? அப்படின்னா நீ செய்யாதே!" கீரி கேட்டது, நரி கேட்டது, பல் முளைக்காத குட்டிகூடக் கேட்டது. முயல் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கப் பழகியது. நண்டு பொந்து தோண்டி உள்ளே போனது. எலி பகலில் வெளியே வருவதை நிறுத்தியது. பக்கத்துவீட்டுக்காரர் வந்து கூப்பிட்டாலும் யாரும் பதில் கொடுப்பதில்லை. எதற்குக் கூப்பிடுகிறாரோ என்ற பயம். பேச்சு இப்படிக் குறைந்து குறைந்து, அவரவர் இனத்துக்குள் குசுகுசுத்துக்கொண்டார்கள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாமல் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

மஞ்சக்காலி தன் முட்டைகளைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. குட்டையும் இல்லை இப்போது, வெறும் வெடிப்புச் சேறுதான். புருஷன் பழையபடி மலையைத் தாண்டிப் போய் வந்தான். எப்படியோ முட்டைகள் பிழைத்துக் கிடந்தன. குஞ்சு பொரிக்கிற நாளும் வந்தது. நெஞ்சுக்குக் கீழே, ஓட்டுக்குள்ளிருந்து டொக் டொக் என்று மெல்லக் கொத்துகிற சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

உச்சிவேளை. பக்கத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. கானல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கானலுக்குள்ளிருந்து உடும்பு வந்தது. அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஒரு காலை வைக்கும், பிளந்த நாக்கை நீட்டி மண்ணை முகரும், அடுத்த காலை வைக்கும். நேராக அவளைப் பார்த்துத்தான் வந்தது.

மஞ்சக்காலி முட்டைகளை இறக்கையால் மூடிக்கொண்டாள். "ஆகாது" என்றாள், அந்தப் பூக்குரலில்.

உடும்பு நின்றது.

நின்றுவிட்டதே! அவள் உயிர் திரும்பி வந்தது. சொல் செத்துவிடவில்லை, இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள்.

"யாருக்கு ஆகாது தாயி?" என்றது உடும்பு.

அவள் என்ன சொல்வாள்? எல்லாருக்கும் ஆகாது என்று சொல்ல வேண்டும். முன்பு அந்த ஒற்றைச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். ஆனால் எல்லாருக்கும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சேற்றில் இறங்கிய கால் அவளுடையதுதானே! வாயில் வந்ததைச் சொன்னாள்.

"எனக்கு... எனக்கு ஆகாது அண்ணே."

"அப்போ நீ சாப்பிடாதே" என்றது உடும்பு.

அவள் பறந்தாள், கொத்தினாள், சிறகு ஒடிந்தவள் போலத் தரையில் விழுந்து புரண்டு காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. உடும்பு நிதானமாகத் தின்றது. மஞ்சக்காலி மேலே எழும்பி, தொண்டை கிழிய, "ஆகாது! ஆகாது! ஆகாது!" என்று கத்தினாள். கொக்குக்குக் கேட்டது. பன்றிக்குக் கேட்டது. பொந்துக்குள் இருந்த நண்டுக்குக்கூடக் கேட்டது. எல்லாரும் குனிந்து தங்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊற்றிலிருந்து வயிறு நனைய அவள் புருஷன் வந்து சேர்ந்தபோது, குளிரவைக்க அங்கே எதுவும் இல்லை.

பிறகு மழை வந்தது, குளமும் நிறைந்தது. ஆனால் அந்த வருஷம் அதில் மீன் இல்லை. கொக்கு நாள் முழுக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றது. மாடக்கண்ணு வெறுங்கூடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனான்.

மஞ்சக்காலி மறுபடி முட்டையிட்டாள். மரத்தில் ஏற அவளுக்குத் தெரியாது, பொந்து தோண்டவும் தெரியாது. அதே வெட்டவெளி, அதே கூழாங்கல். ஆனால் அவள் கண் மூடவில்லை. தூரத்தில் ஒரு நிழல் ஆடினால் போதும், எழும்பிக் கத்துவாள். வருவது ஆடா, நரியா, சுள்ளி பொறுக்கவந்த சின்னப்பெண்ணா என்று அவள் பார்ப்பதில்லை. எந்த வாயில் அந்தக் கேள்வி இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதே! கத்திக் கத்திப் பூக்குரல் கிழிந்தது. சொல்லும் கிழிந்து, டிட்டீட்டூ டிட்டீட்டூ என்று துண்டு துண்டாக வந்தது. ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கிறாள் என்று அவளுக்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. குளக்கரையில் நாம் நடந்து போனால் ஆள்காட்டி தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்துவது அதனால்தான். அது சொல்வது 'ஆகாது' என்றுதான். நாமும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, நமக்கில்லை என்று நடந்துவிடுகிறோம்.