ஒற்றைக் காலில் சாக்ஸ்

ஜெபக்கனிக்கு இருந்தது ஒரே ஒரு கேள்வி. ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் அவளுடைய மாஸ்டருக்கு வாய் வரவில்லை.

மாஸ்டர் என்றதும் நரைத்த ஆளை நினைக்க வேண்டாம். பேச்சித்தாய்க்கு இருபத்து நாலு வயசு. ஜெபக்கனிக்கு இருபத்தேழு. நடைப்போட்டியில் மாநிலப் பதக்கம் வாங்கிக்கொண்டிருந்த பேச்சித்தாய், இடுப்பில் அடிபட்டு நின்றுபோனவள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விடியற்காலையில் பாளையங்கோட்டையில் ஒரு மைதானத்தில் ஐந்தாறு பேருக்கு நடை சொல்லிக்கொடுத்தாள். மைதானத்துக்குள் ஜெபக்கனி அவளை மாஸ்டர் என்பாள். அவள் இவளை அக்கா என்பாள்.

பதினாறு நாளில் மதுரையில் தேர்வுப் போட்டி. பத்து கிலோமீட்டரை ஐம்பத்து நாலு நிமிஷத்துக்குள் நடந்தால், விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான பட்டியலில் பெயர் வரும். அடுத்த வருஷம் வயசு வரம்பு தாண்டிவிடும். இது கடைசி. ஜெபக்கனியோ ஐம்பத்தைந்தரைக்குக் கீழே இறங்கினதே இல்லை. காலையில் மைதானம், ஒன்பது மணியிலிருந்து ஆறு மணி வரை பெட்ரோல் பங்கில் நிற்கிற வேலை. கெண்டைக்கால் இரண்டும் கருங்கல் மாதிரி கிடந்தன.

அதனால்தான் அந்தக் கம்ப்ரஷன் சாக்ஸை வரவழைத்தாள். முட்டி வரைக்கும் வருகிற கறுப்பு சாக்ஸ். மாட்டுவதற்குள் விரல் நகம் பெயர்ந்துவிடும், அவ்வளவு இறுக்கம். ரத்த ஓட்டம் கூடும், வேகம் கூடும், வலி போகும் என்று அட்டையில் போட்டிருந்தது.

"மாஸ்டர், இது உதவுமா, உதவாதா?"

பேச்சித்தாய் சாக்ஸை இழுத்துப் பார்த்தாள். விட்டாள். அது டப்பென்று சுருங்கியது.

"ஒண்ணு மட்டும் போடுங்கக்கா."

"எந்தக் கால்ல?"

"ஒங்க இஷ்டம்."

ஜெபக்கனிக்கு எரிச்சல். கேட்டது ஒன்று, வந்தது இன்னொன்று. இருந்தாலும் வலது காலில் மாட்டிக்கொண்டு இருபத்தைந்து சுற்று நடந்தாள். மைதானத்தில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தக் கால் யாருது, வாடகைக்கா என்றான் ஒருவன். பங்கில் கூட வேலை பார்க்கிற பெண், இன்னொரு சாக்ஸை நாய் தூக்கிட்டுப் போயிட்டா என்று விசாரித்தாள். மாஸ்டர் சொன்னதை மீறி அங்கேயாவது இரண்டையும் போட ஜெபக்கனிக்கு மனசு வரவில்லை. ஒற்றைக் கால் சாக்ஸோடு பெட்ரோல் போட்டாள்.

தினமும் நடந்து முடித்ததும் பேச்சித்தாய் ஒன்றே ஒன்று கேட்பாள். எந்தக் கால் வலிக்கு? இடது என்பாள் ஜெபக்கனி. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே சாக்ஸ் போட்ட காலில் வலி குறைவாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் சாக்ஸைக் கால் மாற்றிப் போடச் சொன்னாள் மாஸ்டர். மாற்றினாள். மறுநாள் வலது கால் வலித்தது.

அப்ப வேலை செய்யுதுன்னு தானே அர்த்தம் என்று ஜெபக்கனி கேட்டாள். பேச்சித்தாய் சரி என்றாள். அவ்வளவுதான்.

கடிகாரம் மட்டும் அசையவில்லை. ஐம்பத்தைந்து முப்பத்து நாலு. ஐம்பத்தைந்து முப்பத்தொன்று. பத்தாம் நாள் ஐம்பத்தைந்து நாற்பது. அன்றைக்கு ஜெபக்கனிக்கு மாஸ்டர் மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"ஏட்டி பேச்சி, என்ன வெளாட்டு இது? வலி கொறையுது. நேரம் கொறைய மாட்டேங்கு. இது உதவுதா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு."

பேச்சித்தாய் கோபப்படவில்லை. "கடைசி ரவுண்டுல எந்தக் கால் மொதல்ல கோட்டத் தாண்டிச்சு? சாக்ஸ் போட்டதா, போடாததா?"

ஜெபக்கனி யோசித்தாள். "அதை யாரு பாத்தா? ரெண்டையும் நான்தான தூக்கிட்டு வந்தேன்."

"ம்." ஸ்டாப்வாட்ச் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே பேச்சித்தாய் அடுத்ததைக் கேட்டாள். "வலி கொறஞ்சதும் என்ன செஞ்சீங்க?"

ஜெபக்கனிக்கு மறைக்கத் தெரியாது. கால் பரவாயில்லையே என்று சாயங்காலமும் ஊரைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் நடந்தது, கூட வேலை பார்க்கிறவள் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்றதும் வார லீவையும் விட்டுக்கொடுத்து அவளுக்காக நின்றது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிக்கொண்டு வந்தது. திட்டு விழும் என்று நின்றாள். விழவில்லை. பேச்சித்தாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை எட்டே எட்டு சுற்று, அதுவும் மெதுவாக, அவ்வளவுதான் என்றாள் மாஸ்டர். இன்னும் ஐந்தே நாள். யாராவது இப்பப் போய்க் குறைப்பார்களா?

ஒன்பது மணிக்குப் பங்குக்குப் போனால், அவள் நிற்கிற பம்புக்குப் பக்கத்தில் பங்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு பேச்சித்தாய் நிற்கிறாள். ஒரு ஆட்டோவுக்கு கேஸோ பெட்ரோலோ என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இங்க என்ன பண்ணுதே?"

"காலாண்டு லீவு. மானேஜர்ட்ட பேசியாச்சு. போட்டி முடியிற வரைக்கும் நான் நிக்கேன். நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க."

"படுத்து?"

"படுங்க." கையை நீட்டினாள். "அந்தச் சாக்ஸக் கழட்டிக் குடுங்க. பையில இருக்கிறதையும்."

ஜெபக்கனி சண்டை போட்டாள். ஒன்னோட இடுப்பு தாங்குமா என்றாள். எனக்குப் பதிலா நீ நின்னா நான் எப்படிப் படுக்க முடியும் என்றாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பேச்சித்தாய் நீட்டின கையை மடக்கவே இல்லை. வேறு வழியில்லாமல், பங்கு வாசலிலேயே ஒரு காலில் தத்தித் தத்திச் சாக்ஸை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

படுப்பது லேசில்லை. முதல் நாள் பதினோரு தடவை எழுந்தாள். காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாம் நாள் மின்விசிறியையே பார்த்துக் கிடந்தாள். ஒவ்வொரு மணிக்கும், இந்நேரம் அவ நிப்பா, இந்நேரமும் அவ நிப்பா என்று ஓடியது. மூன்றாம் நாள் சிலிண்டர்க்காரர் வந்து கதவைத் தட்டினது தெரியாமல் தூங்கியிருக்கிறாள். எழுந்து பார்த்தால் மணி நாலு. கெண்டைக்காலை அமுக்கினாள். விரல் உள்ளே போனது. கல் எங்கே போனது என்று தெரியவில்லை. நாலாம் நாள் யாரும் சொல்லாமலேயே படுத்தாள்.

மதுரையில் போட்டி காலை ஆறரைக்கு. மாஸ்டர் கூட வரவில்லை, அவளுக்கு ஷிப்ட். நடைப்போட்டியில் எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருந்தே ஆக வேண்டும், முன்னால் வைக்கிற கால் முட்டி மடங்கக் கூடாது. தப்பினால் பலகையில் நம்பருக்கு நேராகச் சிவப்புப் புள்ளி. மூன்று விழுந்தால் வெளியே. ஜெபக்கனிக்குக் கால் அவ்வளவு லேசாக இருந்தது, அதுவே வினையாகப் போனது. பதினெட்டாவது சுற்றுக்குள் இரண்டு புள்ளி. வேகத்தைக் குறைத்தால் வேலை போச்சு, குறைக்காவிட்டாலும் போச்சு. தரையை இடது, வலது, இடது என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டே மிச்ச ஏழு சுற்றையும் முடித்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பங்குக்கு நடந்தாள். மணி மூன்று. வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் ஒரு பைக்குக்குப் பெட்ரோல் போட்டு, மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்பத்து மூணு நாப்பத்தொம்பது," என்றாள் ஜெபக்கனி.

பேச்சித்தாய் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். "செவப்பு?"

"ரெண்டு. ஒண்ணு முட்டி. ஒண்ணு தூக்கிட்டேன்."

"பட்டியல்?"

"பேரு எழுதிக்கிட்டாங்க."

ஜெபக்கனியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"இப்பவாது சொல்லு. அந்தச் சாக்ஸ் உதவுமா, உதவாதா?"

பேச்சித்தாய் பேண்ட்டை முட்டி வரைக்கும் தூக்கினாள். இரண்டு காலிலும் கறுப்பாக, இறுக்கமாக, அதே சாக்ஸ்.

"உதவுது. அஞ்சு நாளா கால் வீங்கல."

"பெறகு எதுக்கு எங்கிட்ட இருந்து புடுங்கினே?"

அடுத்த வண்டி வந்து நின்றது. பேச்சித்தாய் பேண்ட்டை இறக்கிவிட்டு, ஜீரோ பாத்துக்கோங்க என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, பம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"நிக்கிறவளுக்கு உதவுதுக்கா. படுத்தவளுக்கு அது எதுக்கு?"