ஒற்று மிகா இடங்கள்

அநியாயம் நடந்தது மருத்துவச்சி வேலாத்தாளுக்கு. அவள் பிரசவம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கட்டிலுக்கு அடியிலிருந்து அரண்மனை ஒற்றர்கள் இரண்டு பேர் தவழ்ந்து வந்தார்கள். குழந்தை வீல் என்றது. ஒருவன் உடனே ஓலையில் எழுதிக்கொண்டான்: "அடையாளம் தெரியாத நபர். மன்னரின் குறட்டையைக் கேலி செய்வது போல ஒலி எழுப்பினார்."

"அடப்பாவி, பொறந்து ஒரு நாழிகை ஆகலையேடா!" என்றாள் வேலாத்தாள்.

"வயது: ஒரு நாழிகைக்கும் குறைவு." அதையும் எழுதிக்கொண்டான்.

இதோடு விட்டார்களா? போகும்போது அவளுடைய ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முப்பது வருஷமாகப் பெண்கள் அவளை நம்பிச் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. யாருக்கு எத்தனை மாதம், யாருக்குக் கலைந்தது, யார் வீட்டில் சொல்லாமல் மருந்து வாங்கினாள், எல்லாம். மறுநாள் சபையில் அதை உரக்கப் படிக்கப்போகிறார்களாம்! படித்தால் பாதி ஊர்ப் பெண்கள் வெளியே தலைகாட்ட முடியாது.

எல்லாம் எதற்கு? நெடுங்கரை மன்னர் மகரபூபதியின் குறட்டை கோட்டை மதிலைத் தாண்டிக் கேட்கும். ஊர் சிரித்தது. முதலில் சிரித்தது யார் என்று மன்னருக்குத் தெரிந்தாக வேண்டும். ஓலை விட்டார்: "வீடு புகுக. ஒற்று மிகுக." அவ்வளவுதான். யார் வீடு, என்ன காரணம், எதைத் தேட? ஒன்றும் கிடையாது. குதிருக்குள் ஓர் ஒற்றன், ஊறுகாய் ஜாடிக்குள் ஓர் ஒற்றன். ஓர் அலமாரியில் இரண்டு பேர் ஒளிந்து, ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மன்னருக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. இலக்கணம். சந்திப்பிழை உள்ள ஓலை எதுவானாலும் அங்கேயே கிழித்துவிடுவார். தன் கல்யாண ஓலையையே மூன்று முறை கிழித்தவர்.

வேலாத்தாள் அவைப்புலவர் வஞ்சியிடம் ஓடினாள். "நீயும் என் கையில விழுந்தவதான், கண்ணு. உங்க அம்மா சொன்னதும் அந்தக் கட்டுலதான் இருக்கு. ஏதாச்சும் பண்ணு."

மறுநாள் சபையில், ஓரமாக வேலாத்தாள் உட்கார்ந்திருக்க, ஒற்றர் தலைவன் உக்கிரசேனன் ஓலைக்கட்டை அவிழ்க்கப் போனான். வஞ்சி எழுந்தாள்.

"நில்லும்! அதைத் தொட உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?"

"நான்தான்" என்றார் மன்னர். "ஒளிக்க ஒன்றும் இல்லாதவருக்கு என்ன பயம்?"

"அப்படியானால் அந்தப்புரக் கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு, அரசே?"

சபை மொத்தமும் இருமியது. சிரித்தால்தான் எழுதிக்கொள்வார்களே!

"வாய் நீள்கிறது, வஞ்சி. என் ஒற்று இன்ன இடத்தில் மிகக் கூடாது என்று எந்த நூலில் இருக்கிறது? இப்போதே காட்டு. முடியாவிட்டால் இந்தக் கட்டை நீயே உரக்கப் படி."

"காட்டுகிறேன். தாங்கள் பள்ளியில் படித்ததுதான். பூவும் கூடையும் சேர்ந்தால்?"

"பூக்கூடை." இலக்கணம் என்றதும் மன்னர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நடுவில் வந்த 'க்'தான் ஒற்று."

"இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்து உட்காருவது ஒற்று. தங்கள் ஆட்களுக்குப் பொருத்தமான பெயர்தான். தாயும் சேயும் சேர்ந்தால்?"

"தாய்சேய்."

"தாய்ச்சேய் இல்லையா?"

"சீச்சீ! உம்மைத்தொகை அது. அங்கே ஒற்று மிகாது!"

"கேட்டீரா, உக்கிரசேனரே? தாய்க்கும் சேய்க்கும் நடுவில் ஒற்று மிகாதாம். நீர் கட்டிலுக்கு அடியில் இரண்டு ஒற்று வைத்தீர். ஊறுகின்ற காய், அரசே?"

"ஊறுகாய். வினைத்தொகை. மிகாது." ஜாடியில் இருந்த ஒற்றன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண் இன்னும் சிவந்திருந்தது.

"இரவும் பகலும்?"

"இரவுபகல்... மிகாது." மன்னரின் குரல் இறங்கியது.

"ஊர் எப்படிச் சிரித்தது?"

"கலகலவென்று. இரட்டைக்கிளவி... அங்கும் மிகாது."

உக்கிரசேனன் துள்ளிக் குதித்தான். "விடாதீர்கள், அரசே! 'வீட்டைச் சோதி' என்கிறோமே, நடுவில் 'ச்' இருக்கிறதே!"

மன்னர் முகம் மலர்ந்தது. "ஆமாம்! அங்கே மிகும்! இப்போது என்ன சொல்கிறாய்?"

"மிகும்தான். ஏன் மிகுகிறது? 'ஐ' என்ற உருபு வெளிப்படையாக நிற்கிறது. யார் வீட்டை? எந்தப் பொருளை? அந்த 'ஐ' ஓலையில் இருந்தால் ஒற்று தாராளமாக வரட்டும், வேலாத்தாளே கதவைத் திறந்துவிடுவாள். தங்கள் ஓலையில் என்ன இருக்கிறது? படியுங்கள்."

"வீடு... புகுக."

"ஐ இருக்கிறதா?"

"இல்லை."

"வீடுப் புகுக என்று எழுதுவீர்களா?"

"என்னை யாரென்று நினைத்தாய்?"

"அப்படியானால் அங்கே ஒற்று?"

"மிகாது" என்றார் மன்னர், சன்னமாக. சொன்னவர் தன்னையே நொந்துகொண்டார். பிறகு அடக்க முடியாமல் வாய்விட்டுச் சிரித்தார். பழக்கதோஷத்தில் ஓர் ஒற்றன் எழுதிக்கொண்டான்: "மன்னர். சிரித்தார்."

வஞ்சி ஓலைக்கட்டை எடுத்து வேலாத்தாள் மடியில் வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

"எல்லாம் சரி" என்றார் மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனால் என் ஆட்கள் ஏற்கெனவே புகுந்துவிட்டார்களே. மிகக் கூடாத இடத்தில் ஒற்று மிகுந்துவிட்டால் அதற்கு என்ன பெயர்?"

வஞ்சி அரச முத்திரை வைத்த 'வீடு புகுக' ஓலையை அவரிடமே நீட்டினாள்.

"சந்திப்பிழை, அரசே. கிழிப்பது தங்கள் வழக்கமாயிற்றே!"