ராட்டை விற்பனைக்கு

கோமளவல்லிக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுக்கு நூற்கக் கற்றுக்கொடுத்த ஹெப்சிபாவுக்கு முப்பத்திரண்டு. மூத்தவள் இளையவளை டீச்சர் என்பாள். இளையவள் மூத்தவளை அக்கா என்பாள்.

கோமளா பொழுதுபோக்குக்குத்தான் நூற்றாள். பின்னவும் தெரியாது, நெய்யவும் தெரியாது. நூற்றதெல்லாம் பீரோவை நிறைத்து, கட்டிலுக்கு அடியில் புகுந்து, கடைசியில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

மகள் தமயந்தி நல்ல பெண்தான். ஆனாலும் எத்தனை நாளைக்குத்தான் வாயை மூடிக்கொண்டிருப்பாள்? இவ்வளவு நூலை வைத்துக்கொண்டு என்னம்மா செய்யப்போகிறாய் என்று கேட்டுவிட்டாள். கேட்டதில் தப்பே இல்லை. கோமளாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கொடைக்கானல் கம்பளித் திருவிழாவுக்குப் போகிறேன், டீச்சரிடம் பதில் வாங்கி வருகிறேன், கிடைக்காவிட்டால் ராட்டையை விற்றுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். பஸ் மலை ஏறி முடிக்கிறவரை ராட்டையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பங்குனி மாதம். கீழே திண்டுக்கல் வெந்துகொண்டிருந்தது. மேலே சுகமான குளிர். மைதானம் முழுக்கச் செம்மறி ஆடுகள், ரோமத்துக்காக வளர்க்கிற முயல்கள், சாயம் போட்ட கம்பளிக் குவியல்கள், ஜனங்கள். டீச்சரும் ஒரு கடை போட்டிருந்தாள். கோமளா மிதிராட்டையையும் நூல் மூட்டையையும் அங்கே இறக்கினாள்.

"டீச்சர், நூற்கிறதால என்ன பிரயோஜனம்?"

டீச்சர் ஓர் அட்டையில் 'விற்பனைக்கு' என்று எழுதி ராட்டையில் மாட்டினாள்.

"பிரயோஜனம் சொல்றவங்க வருவாங்க. பதிலைக் கேட்டுக்கிட்டு ராட்டையை அவங்ககிட்டயே கொடுத்துடுங்க. ஓடுதுன்னு தெரியணும், அதனால நூத்துட்டே இருங்கக்கா."

சொல்லிவிட்டு முயல் பார்க்கப் போய்விட்டாள்.

முதலில் ஓட்டல்காரர் ஒருவர் வந்தார். வரவேற்பறையில் வைத்தால் அழகாக இருக்கும் என்றார். குழந்தைகள் சக்கரத்தில் விரலை விடும், உங்களுக்கு வம்பு என்றாள் கோமளா.

அடுத்து வந்தவர் ரத்தக் கொதிப்புக்காரர். மனசு அமைதியாக இருக்க இப்படி ஏதாவது செய்யச் சொல்லி டாக்டர் சொன்னாராம். முழங்கால் தேய்ந்துவிடும் என்று அவரைப் பயமுறுத்தி அனுப்பினாள்.

ஒரு பெண் இணையத்தில் நூல் விற்றால் நல்ல வருமானம் என்றாள். இது ஓடி ஓடி ஓய்ந்த ராட்டை, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளம்மா என்று கோமளா புத்தி சொன்னாள். அண்டப்புளுகு. அதை வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டி ஓர் அம்மாள் வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். பெரியாஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குக் குல்லா பின்னிக் கொடுக்கிறாராம். கம்பளி நூல் விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகவில்லை, நானே நூற்றுக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன் என்றார்.

கோமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதைவிட என்ன பிரயோஜனம் வேண்டும்? கொடுத்தே ஆகவேண்டும் என்று எழுந்திருக்கப் பார்த்தாள். எழுந்திருக்க முடியவில்லை. தன்மேலேயே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அம்மா, இந்த மூட்டையை அப்படியே எடுத்துக்கோங்க. வீட்ல இருக்கிறதையும் அனுப்பி வைக்கிறேன். ராட்டை மட்டும் கேக்காதீங்க."

எனக்கு நூல்தானே வேண்டும், ராட்டையை வைத்துக்கொண்டு யார் மல்லுக்கட்டுவது என்று அந்த அம்மாள் மூட்டையை அணைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

சாயங்காலம் டீச்சர் சுடிதார் முழுக்க முயல் ரோமத்தோடு திரும்பி வந்தாள். கோமளா நூற்றுக்கொண்டே நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொன்ன பொய்களையும் மறைக்கவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"பதில் கிடைச்சிடுச்சு டீச்சர். குல்லாவுக்காகத்தான் நூத்தேன்னு தமயந்திகிட்ட சொல்லிடுறேன்."

"தாராளமா சொல்லுங்க. ஆனா அந்தம்மா வர்றதுக்கு முன்னாடி மூணு பேரை விரட்டி விட்டீங்களே அக்கா, அது எதுக்காக?"

கோமளா குனிந்து ராட்டையைப் பார்த்தாள். கால் அதுபாட்டுக்கு மிதித்துக்கொண்டிருந்தது.