பை நிறையக் காது

முன்னொரு காலத்தில், மதியத் தூக்கத்தை முக்கியமான ராஜ காரியமாக நடத்திவந்த ஒரு ராஜா இருந்தார். அந்தக் காரியத்துக்கு ஒரே இடைஞ்சல், படுக்கையறைக்கு அடுத்தாற்போல் இருந்த அரண்மனைப் பாடசாலை. அங்கே அதிகாரிகளின் பிள்ளைகள் போட்ட கூச்சலில் ராஜாவால் கண்ணைத்தான் மூட முடிந்தது.

ஒருநாள் சபையில் எரிந்து விழுந்தார். "குழந்தைவேலரே! பாடசாலைக்கு நீர்தானே அதிகாரி? அது சந்தைக்கடை மாதிரி இருக்கிறதே!"

குழந்தைவேலருக்குப் பெயரில் மட்டும்தான் குழந்தை. "பிரம்பு தேய்ந்ததுதான் மிச்சம், மகாராஜா. இக்காலத்துப் பிள்ளைகள் அப்படி" என்றார். உடனே மந்திரிகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள்.

விகடகவி சாத்தப்பன் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரிந்தவன் விகடகவியாக ஆவானா? "இந்தச் சபைக்குப் பாடசாலை எவ்வளவோ தேவலை, பிரபு" என்று சொல்லிவிட்டான்.

ராஜா சாத்தப்பன் பேச்சுக்கு மட்டும் சிரிக்கிறாரே என்று வருஷக்கணக்கில் வெந்துகொண்டிருந்தவர் குழந்தைவேலர். "அப்படியானால் பிள்ளைகளை அவரே அடக்கிக் காட்டட்டும். பிரம்பு கூடாது, தின்பண்டம் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது. தவறினால் நாட்டை விட்டே போகட்டும்" என்றார்.

"நல்ல யோசனை" என்றார் ராஜா, கொட்டாவியோடு. "நாளை நாம் வந்து பார்ப்போம். ஒரு பிள்ளை விடாமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இது நமது உத்தரவு."

சாத்தப்பன் வீட்டில் மனைவி உமையாள் நிறைமாதமாக இருந்தாள். அவளை அழைத்துக்கொண்டு எந்த ஊர்ச் சத்திரத்தில் போய் ஒண்டுவது?

அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "மறுபடியும் வாயக் குடுத்து மாட்டிக்கிட்டீங்களா?"

"ஆமா உமையா, குடுத்துட்டேன்."

"இன்னும் என்னத்தக் குடுக்கப் போறீங்களோ!" என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

சாத்தப்பன் சட்டென்று தன் காதைத் தடவிப் பார்த்தான். பிறகு எழுந்து, ஒரு பழைய துணிப்பையைத் தேடி எடுத்து உதறினான்.

மறுநாள் பாடசாலையில் ஒரு பையன் பலகைமேல் ஏறிச் சேவல்போல் கூவிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அவனைத் தோற்கடிக்கப் பார்த்தார்கள். சாத்தப்பன் யாரையும் அதட்டவில்லை. நடுவில் நின்று தன் வலது காதைத் திருகிக் கழற்றுவதுபோல் கழற்றினான். தூசியை ஊதிவிட்டுப் பைக்குள் போட்டான். அடுத்தது இடது காது.

பவளம் என்ற பொடிசு வாயைப் பிளந்தாள். "என்ன மாமா பண்றீங்க?"

அவன் ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்தான். உதட்டை மட்டும் அசைத்து ஏதோ ரகசியம் சொன்னான். என்ன ரகசியம்? பிள்ளைகள் அவன் வாயையே பார்த்தபடி நெருங்கி வந்தார்கள். சேவலும் இறங்கி வந்தது. அவன் பையை நீட்டினான். பவளம் தன் காதுகளைக் கழற்றி உள்ளே போட்டாள். அவ்வளவுதான், ஆளாளுக்கு முண்டியடித்துக் கழற்றிப் போட்டார்கள். காது இல்லாதவர்களிடம் கத்தி என்ன பிரயோஜனம்? எல்லாரும் கையை ஆட்டி, உதட்டை அசைத்து, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ராஜா வந்தார், பின்னாலேயே குழந்தைவேலர். "சபாஷ்! பிள்ளைகளே, சௌக்கியமா?" என்றார் ராஜா. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"மகாராஜா கேட்டும் பதில் இல்லை! காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதல்லவா உத்தரவு?" என்று துள்ளினார் குழந்தைவேலர்.

சாத்தப்பன் பையை ராஜாவின் கையில் வைத்தான். "உத்தரவுப்படி ஒரு பிள்ளை விடாமல் காது கொடுத்துவிட்டார்கள், பிரபு. காதெல்லாம் இப்போது தங்களிடம். இனிமேல் கேட்க வேண்டியது தாங்கள்தான்."

ராஜா பைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்து, 'சொல்லுங்கள்' என்று சைகை காட்டினார்.

"எங்களுக்கு தெனமும் ஒரே பாடந்தான் ராஜா" என்றாள் பவளம். "குழந்தைவேலர் ஐயாவப் புகழ்ந்து அவரே எழுதின பாட்டு. சலிச்சுப் போச்சு. அதான் கத்துறோம்."

"அபாண்டம்!" என்றார் குழந்தைவேலர். "அது இலக்கணச் சுத்தமான பாட்டு. முதலடிக்குப் பொருள் என்னவென்றால்..." ராஜா கையை உயர்த்தினார். குழந்தைவேலர் நிறுத்தவில்லை. ராஜா தொண்டையைக் கனைத்தார். குழந்தைவேலரோ இரண்டாம் அடிக்குப் போய்விட்டார்.

பவளம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ராஜா, இவருக்குக் காதே இல்ல போல. பாவம். என் காதுல ஒண்ண எடுத்துக் குடுத்துருங்க. எனக்கு ஒண்ணு போதும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. தம்முடைய வைரக் கடுக்கன்களைக் கழற்றிச் சாத்தப்பன் காதில் தாமே மாட்டினார். "நீர் இந்த நாட்டைவிட்டு எங்கேயும் போகக் கூடாது. இதுவும் நமது உத்தரவு. நாளை முதல் குழந்தைவேலர் பிள்ளைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்கட்டும்" என்றார்.

சாத்தப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள். குழந்தைவேலர் மட்டும் ஐந்தாம் அடிக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார்.