கல்தொட்டியில் எஞ்சிய ஒன்று

மடத்தின் நந்தவனத்தை அடுத்த பள்ளம் ஐப்பசி மழையில் குளமாகும். பங்குனி வெயிலில் மீண்டும் தரையாகும். குளமாக இருக்கும் மாதங்களில் இறைவனின் திருமஞ்சனத்துக்கு அந்த நீர்தான். அதைத் துணியில் வடித்தெடுத்து, துணியில் தங்கும் சிற்றுயிர்களை ஒன்றுவிடாமல் குளத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது முறை.

அப்பணியை அருளம்பலம் கேட்டு வாங்கிக்கொண்டார். அரிசி வணிகம் செய்து ஓய்ந்தவர். குருவைவிட வயதில் மூத்த சீடர். முன்பெல்லாம் தை மாதத்தில் மனைவி கோமளத்துடன் வந்து சில நாள் இம்மடத்தில் தங்குவார். அந்தியில் நீரின்மேல் பொன்னிறத் தட்டான்கள் திரியும். அவை அடங்கும்வரை கோமளம் கரையைவிட்டு அசையமாட்டார்.

"பூசைக்கு மணி அடித்துவிட்டார்கள், வா" என்று இவர் அழைப்பார்.

"நீங்கள் போங்கள். இதுவும் பூசைதான்" என்பார் அவர்.

கோமளம் மறைந்தபின் வந்த முதல் மழைக்காலம் இது.

ஒருநாள் வடிதுணியில் சேற்றுநிறப் புழு ஒன்று, தாடையை நீட்டித் தலைப்பிரட்டையைக் கவ்விக்கொண்டிருந்தது. அருளம்பலத்துக்குத் தாங்கவில்லை. அன்றுமுதல் அவ்வகைப் புழுக்களை மட்டும் பொறுக்கிக் கல்தொட்டி நீரில் போட்டார்.

குரு வந்து பார்த்தார்.

"தொட்டியில் யார்?"

"கொலைகாரர்கள், சாமி."

"தீர்ப்பும் ஆகிவிட்டதோ?"

"சிறை மட்டுந்தான். நொய்யரிசி போடுகிறேன். தொடமாட்டேன் என்கின்றன."

"அரிசிக்காரர் வேறென்ன போடுவீர்?" குரு சிரித்தார். "எல்லாவற்றையும் குளத்தில் விடுவதுதான் முறை."

"இதை மட்டும் அடியேனால் முடியவில்லை. சாவைக் கையால் எடுத்து விடுவதுபோல் இருக்கிறது."

குரு நந்தவனத்துக்குள் நடந்தார்.

தொட்டிக்குள் அவை ஒன்றையொன்று தின்றன. தை பிறந்தபோது எஞ்சியது ஒன்றே.

அருளம்பலம் அந்திதோறும் கரையில் காத்திருந்தார். குளத்தின்மேல் கொசு மண்டியது. தட்டான் ஒன்றுகூட இல்லை.

"அவள் பார்த்ததை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும் என்றுதான் இங்கு வந்தேன், சாமி. அவளோடு அவையும் போய்விட்டன."

மறுநாள் விடியலில் குரு அவரைத் தொட்டியருகே அழைத்தார். கடைசிப் புழு நீரைவிட்டுக் கல்லின்மேல் ஏறியிருந்தது. அதன் முதுகு பிளந்தது. ஈரச் சிறகுகளுடன் ஒரு தட்டான் மெல்ல வெளிப்பட்டது.

அருளம்பலம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அத்தனையையும் நானே..."

"ஆம்" என்றார் குரு.

அன்று அந்தியில் அந்த ஒற்றைத் தட்டான் குளத்தின்மேல் வந்தது. கொசுக்கூட்டத்தில் புகுந்தது, பறந்தபடியே பிடித்துத் தின்றது, மீண்டும் புகுந்தது.

அருளம்பலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது கோமளத்துக்குத் தெரியாது, சாமி. தெரிந்திருந்தால் பார்த்திருக்கமாட்டாள்."

குரு குளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்மையார் இமைக்காமல் நின்ற அந்திகளில், அவை வேறென்ன செய்துகொண்டிருந்தன என்று நினைத்தீர்?"