ஆற்றடியில் மூன்று அபேனாக்கள்

யானையும் மனிதனும் ஒரே துறையில் தண்ணீர் குடித்த அந்த முன்னொரு காலத்திலே, கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்கச் செம்மண் சீமையிலே, ஓபுரோ என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ராஜ்யத்தில் பிள்ளைக்குப் பெயர் தேடி யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பிறந்த கிழமைதான் பெயர். வெள்ளியில் பிறந்த பெண்ணெல்லாம் எஃபுவா. செவ்வாயில் பிறந்த பெண்ணெல்லாம் அபேனா. சந்தையில் நின்று "அபேனா" என்று கூப்பிட்டால் பாதிக் கூட்டம் திரும்பிப் பார்க்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. செவ்வாய்க்கிழமை ஆறு ஓய்வெடுக்கும் நாள். அன்றைக்கு வலை வீசக் கூடாது, குடம் முக்கக் கூடாது, கால்கூட நனைக்கக் கூடாது.

எஃபுவாவின் அம்மா அபேனா அதை மீறினாள். பாவம், என்ன செய்வாள்? பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதிக்கிறது, வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "நான் செவ்வாயில் பிறந்தவள். என் கிழமை என்னை என்ன செய்துவிடும்?" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். குடம் மட்டும் கரை ஒதுங்கியது.

அப்போது எஃபுவாவுக்குப் பால்பல் விழும் வயது. அம்மாவின் பாட்டு, அம்மாவின் கழுத்தில் வீசும் வெண்ணெய் வாசம், அம்மாவின் முகம் இவை மூன்றும்தான் அவளுக்கு மிச்சம். சாயங்காலமானால் அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைப்பாள். ஆனால் வருஷங்கள் சும்மா இருக்குமா? முதலில் பாட்டு போனது. பிறகு வாசம் போனது. அவள் குமரியாகி நின்ற ஒருநாள் காலை, கண்ணை மூடிப் பார்த்தால் முகமும் வரவில்லை.

வலை பின்னிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, நான் ஆற்றுக்குப் போய் அம்மாவைக் கேட்கப்போறேன்."

"ஆறு எடுத்ததை ஆறு தராது, கண்ணு."

"கேட்டுப் பார்க்கிறேன்."

"உன்னையும் எடுத்துக்கிட்டா, நான் யாரைக் கேட்பேன்?"

ஆனாலும் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் எஃபுவா ஆற்றில் கால் வைத்தாள். பாறை என்று நினைத்து ஒன்றின் மேல் ஏறி நின்றாள். பாறை பேசியது.

"யாரது?"

"நான் எஃபுவா."

"எந்த எஃபுவா? வாரத்துக்கு ஒரு எஃபுவா வந்து என் முதுகில் துணி துவைச்சிட்டுப் போறா." அது ஒரு கிழட்டு நீர்யானை.

"எங்க அம்மாவைத் தேடிப் போறேன், மாமா. வழி காட்டுங்க."

"ஆறு எடுத்ததை ஆறு தராது."

"கேட்டுப் பார்க்கிறேன்."

"இந்த ஒல்லி உடம்பில் இத்தனை பிடிவாதம் எங்கே ஒட்டிக்கிட்டிருக்கு? சரி, இறங்காதே. என் மேல் வந்தால் தண்ணிக்குள்ளே மூச்சு முட்டாது. காதை மட்டும் பிடிக்காதே, கூசும்."

ஆற்றின் அடியில், அந்த ஆற்றை ஆளும் மாயக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கையில் கண்ணாடி. ஆற்றின் நீளத்துக்கு அவள் கூந்தல். மூன்று பெண்கள் அதைச் சீவிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் கழுவிக் கழுவி மூன்று முகமும் கூழாங்கல்போல வழவழவென்று ஒரே மாதிரி ஆகிவிட்டன.

"ஆறு எடுத்ததை ஆறு தராது" என்றாள் மாயக்காரி, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கேட்டுப் பார்க்கத்தான் வந்தேன்."

மாயக்காரிக்குச் சிரிப்பு வந்தது. "கெட்டிக்காரிதான். சரி, மூன்று பேரில் உன் அம்மாவைத் தொட்டுக் காட்டு. சரியாய்த் தொட்டால் கூட்டிக்கொண்டு போ. தப்பாய்த் தொட்டால் நீயும் ஒரு சீப்பை எடு. என் பின்பக்கத்து முடி சிக்குப் பிடிச்சுக் கிடக்கு."

எஃபுவா "அபேனா" என்று கூப்பிட்டாள். மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்.

"பின்னே?" என்றாள் மாயக்காரி. "செவ்வாயில் யார் இங்கே வருவா? என் கிழமைதானே என்று நம்பி வந்த அசடுகள்தான் மூணும்."

எஃபுவா "அம்மா" என்று கூப்பிட்டாள். மூன்று பேரும் கையை நீட்டினார்கள்.

அவள் வீட்டைப் பற்றிச் சொன்னாள். மழைக்கு முன்னால் வரும் செம்மண் வாசனையைச் சொன்னாள். மீன் புகை போடும் சாயங்காலத்தைச் சொன்னாள். அப்பா இன்னமும் பாயில் ஒரு பக்கமாகவே படுப்பதைச் சொன்னாள். மூன்று பேரும் அழுதார்கள். வீட்டைப் பிரிந்தவர்களின் கண்ணீரில் என்ன வித்தியாசம் தெரியும்?

மாயக்காரி கொட்டாவி விட்டாள். "பசிக்குது. கிழங்கை இடிச்சுக் கொண்டாங்க."

கல்லுரல் வந்தது. வேகவைத்த வள்ளிக்கிழங்கு வந்தது. எஃபுவா உலக்கையைப் பார்த்தாள்.

"நான் இடிக்கிறேன். இவங்க ஒவ்வொருத்தரா வந்து தள்ளிவிடட்டும்."

அந்தச் சீமையில் கிழங்கு இடிப்பது தனி ஆள் வேலையில்லை. ஒருத்தி நின்று இடிப்பாள், ஒருத்தி உட்கார்ந்து தள்ளிவிடுவாள். உலக்கை மேலே போகிற அந்த இமைப்பொழுதில் கை உரலுக்குள் போய்க் கிழங்கைத் திருப்பிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பிந்தினால் விரல் நசுங்கும். அங்கே பெண்கள் யாரோடும் சிரிப்பார்கள், யாரோடும் சண்டை போடுவார்கள். பழகாதவளின் உலக்கைக்குக் கீழே மட்டும் கையைக் கொடுக்க மாட்டார்கள். எஃபுவா சின்ன உலக்கை பிடித்துப் பழகியதே அம்மாவின் கைக்கு மேலேதான்.

முதல் அபேனா வந்தாள். எஃபுவா இடித்தாள். தொம். கை பயந்து உரலின் விளிம்பிலேயே நின்றது.

இரண்டாம் அபேனா வந்தாள். தொம். கை உள்ளே போனது, வெளியே வரப் பிந்தியது. எஃபுவா உலக்கையைப் பக்கவாட்டில் திருப்பித் தன் காலில் போட்டுக்கொண்டாள். வலியில் உயிர் போனது.

மூன்றாம் அபேனா வந்தாள். தொம். அவள் உலக்கையைப் பார்க்கவேயில்லை, எஃபுவாவின் முகத்தைப் பார்த்தாள். கை வந்தது, போனது. தொம். வந்தது, போனது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முந்தியே வெளியே வந்துவிட்டு, மேலேயிருந்து உலக்கை இறங்குவதற்காகக் காத்திருந்தது. ஏழெட்டு இடிக்குப் பிறகு அந்தக் கை நின்றது.

"என்னடி இது, உலக்கை இவ்வளவு மேலேயிருந்து வருது?" என்றாள் அவள். "இத்தனை உயரமாயிட்டியா?"

எஃபுவா உலக்கையைப் போட்டுவிட்டு அவளைத் தொட்டாள். தொட்ட இடத்திலிருந்து மூக்கு வந்தது, கன்னத்துத் தழும்பு வந்தது, கவலைப்பட்டுக் கவலைப்பட்டுச் சுருங்கிய நெற்றி வந்தது. அம்மாவின் முகம்.

பக்கத்தில் நின்ற முதல் அபேனா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் தங்கச்சி இடது கையால இடிப்பா" என்றாள் மெதுவாக. "என் மாமியார் இடிக்கும்போது பேசிக்கிட்டே இருப்பாங்க" என்றாள் இரண்டாமவள். அவர்களுக்கும் சொந்த முகம் திரும்பி வந்தது. நினைவு வந்தவளைப் பிடித்துவைக்கிற மந்திரம் அந்த ஆற்றில் இல்லை.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றாள் மாயக்காரி.

"வீட்டுக்கு."

"என் முடி?"

"சீப்பு அங்கேதான் இருக்கு, தாயே."

நாலு பேரைச் சுமக்க நேர்ந்ததற்கு நீர்யானை கரைவரை முனகியது. கரையில் அப்பா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மறுமுனையை மரத்தில் முடிந்துகொண்டு, குதிக்கத் தயாராக நின்றார். அம்மா அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அது கையோடு வந்துவிட்டது.

"இதை நம்பியா குதிக்க இருந்தீங்க?" என்றாள்.

மற்ற இரண்டு பேரும் அவரவர் ஊர்ப்பாதையில் ஓடினார்கள். எஃபுவா முன்னால் நடந்தாள், அம்மா பின்னால் வந்தாள். அம்மாவின் கை பழைய ஞாபகத்தில் பிள்ளையின் தலையைத் தேடி நீண்டது. இடுப்புதான் தட்டுப்பட்டது. கை அங்கேயே நின்றுவிட்டது. பிறகு முதுகு, தோள், பிடரி என்று மெல்ல மெல்ல மேலே ஏறியது. தலைக்குப் போய்ச் சேர அதற்கு வெகுநேரம் பிடித்தது. எஃபுவா அவசரப்படாமல், அசையாமல் நின்றாள்.

அவர்கள் கரையேறினார்கள், கதையும் கரையேறியது. உலை கொதிக்கிறது, எழுந்து கை கழுவுங்கள்.